ரேகை வளரும் நாட்கள்

நூற்று நாற்பத்தேழு என்கிறது பலகை. என் சீட்டில் நூற்று அறுபத்தெட்டு. இடையில் இருபது பேர். இருபது பேரும் உள்ளே போய் விரல் வைத்துவிட்டு வர வேண்டும், அதுவரை என் கைகளை நான் எங்கேயாவது வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மடியில் மலர்த்தி வைத்தால் பக்கத்து நாற்காலிக்காரரின் கண் அங்கே வருகிறது. கவிழ்த்து வைத்தால் சேலையில் உரசுகிறது, உரசினால் மிச்சம் இருப்பதும் போய்விடுமோ என்று பயம். முந்தானைக்குள் சுருட்டி வைத்தால் வியர்க்கிறது. வியர்த்தால் நன்றாகப் பதியும் என்று ஒருத்தி சொன்னாள், வியர்த்தால் வழுக்கிவிடும் என்று இன்னொருத்தி சொன்னாள், இரண்டு பேரும் விசா எடுத்தவர்கள் இல்லை. எங்கள் அண்டி ஆபீஸில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மார்த்தாண்டத்தில் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு பஸ் ஏறுகிற பெண்கள் எல்லாரும் ஆபீஸுக்குப் போகிறவர்கள். நானும் இருபத்திரண்டு வருஷமாக அப்படிப் போகிறவள்தான். இது வேறு மாதிரி ஆபீஸ். சென்னையில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடி, தரையில் முகம் தெரிகிறது, யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, மேலிருந்து குளிர் கொட்டுகிறது. “அங்க இதைவிடக் குளிரும் எக்கா, இப்பமே பழகிக்க” என்கிறாள் லீலா. லீலா என் ஆபீஸ்தான், என்னைவிடப் பத்து வயது இளையவள், அவளுக்கு நூற்று அறுபத்தேழு. இரண்டு பேரும் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணைக்குப் போக வேண்டும். ஸ்ட்ராபெரி பறித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஆறு மாதம். ஏப்ரல் கடைசியில் தொடங்கும், ஆறு மாதம் முடிந்தால் மறுநாள் அங்கே இருக்கக்கூடாது. இன்றைக்குப் பத்து விரல்களையும் முகத்தையும் கொடுத்துவிட்டுப் போனால் மூன்று வாரத்தில் முடிவு தெரியும். முகம் இருக்கிறது. நூற்று நாற்பத்தெட்டு.

இடது கை பரவாயில்லை. வலதுதான். கட்டைவிரலின் நுனி பளபளவென்று இருக்கிறது, கொப்புளம் உடைந்து தோல் உரிந்த இடம், கீழே இளஞ்சிவப்பாக ஒரு புதுத்தோல், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குழந்தையின் குதிகால் மாதிரி. இல்லை, குழந்தையின் குதிகாலில்கூட ரேகை இருக்கும். ரயிலில் ஸ்டீல் டம்ளரைப் பிடித்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இடது கை வைத்த இடத்தில் மெல்லிய கோடுகள் ஆவிபோலத் தெரிந்து மறைந்தன. வலது கை வைத்த இடத்தில் நாலு மங்கல் வட்டங்கள், யாரோ ஊதிவிட்டுப் போனதுபோல. நான் தல்லுகிறவள். ஆபீஸில் அதற்குத் தல்லு என்று பெயர், வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்தி ஒரே அடியில் ஓட்டைப் பிளந்து பருப்பை முழுசாக எடுக்க வேண்டும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் கறுப்பாகத் தெறிக்கும், தெறித்த இடம் வேகும். ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் குழைத்துக் கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவோம், இருந்தாலும் நாளாக நாளாக விரல் தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் மிஷின் என்னை என்றைக்குமே ஏற்றுக்கொண்டதில்லை. “தலையில ஒருக்கா தேச்சிட்டு வை எக்கா” என்பான் கடைக்காரன், தலைமுடியில் எண்ணெய் இருக்குமே, அதில் தேய்த்து வைப்பேன், சத்தம் போடும், நெற்றியில் தேய்த்து வைப்பேன், சத்தம் போடும், வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், கடைசியில் கண் பார்க்கிற மிஷினில் கருவிழியைக் காட்டி அரிசி வாங்கி வருவேன். நான் நான்தான் என்று என் விரல் சொல்லாது. விரல் தவிர மற்ற எல்லாம் சொல்லும். அதனால்தான் இந்தத் தேதி கிடைத்த அன்றே ஆபீஸுக்கு லீவு சொன்னேன். இருபத்துநான்கு நாள். தல்லுகிறவர்களுக்குத் தெரியும், மூன்று வாரம் கொட்டையைத் தொடாமல் இருந்து தேங்காயெண்ணெய் தேய்த்துவந்தால் ரேகை திரும்ப வரும். ஆதார் எடுத்தபோதும் அப்படித்தான் எடுத்தோம். வந்தது. பத்தாவது நாள் ஒரு கோடு, பதினைந்தாவது நாள் நாலு கோடு, இருபதாவது நாள் காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மலைமேல் நின்று பார்த்தால் உழுத வயல் தெரியுமே, அப்படி வளைந்து வளைந்து, என் விரலில் இத்தனை அழகாக ஒன்று இருந்ததா என்று நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டில் ஏழு நன்றாக இருந்தது. இல்லை, பத்தில் ஒன்பது. எனக்கே கணக்குத் தப்புகிறது. கட்டைவிரலை விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இருபத்தெட்டு பச்சைக்கொட்டையை நான் உடைத்திருக்க வேண்டாம். அதைத்தான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், நினைவு அதிலேயே போய் முட்டுகிறது, கட்டிப்போட்ட ஆடு கயிறு எட்டுகிற தூரம் வரை போய்த் திரும்புவதுபோல. அபிஷா பெங்களூரில் நர்ஸ். ஒரே மகள். இரண்டு நாள் லீவில் சனிக்கிழமை வந்தாள், வந்ததும் வராததுமாகப் பையை வைத்துவிட்டு, “அம்மா, பச்சை அண்டிக் கறி வைப்பியா? ஆஸ்பத்திரியில ஒரு மாசமா சோறும் சாம்பாரும்தான்” என்றாள். பங்குனி பிறக்கிற சமயம்தான் அது கிடைக்கும், முற்றாத கொட்டை, ஓடு பச்சையாக இருக்கும், உள்ளே பருப்பு பால்போல. தேங்காய் அரைத்து வைத்தால் வேறு எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சந்தையில் வாங்கி வந்தேன். உடைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. உடைக்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை. இருபது நாள் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், பஸ்ஸில் ஆபீஸ் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலே கையை ஒதுக்கிக்கொண்டவள், அடுக்களையில் உட்கார்ந்து பச்சை ஓட்டைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அது வேலை இல்லை. அது கறிக்கு ஒருக்குவது, காய் நறுக்குவதுபோல. வேலை என்றால் ஆபீஸ், மணி, கல், பக்கெட். இது மகளுக்கு. இடது கையில் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொண்டேன், வலது கையில் கட்டவில்லை, பருப்பு உடையாமல் வர வேண்டுமென்றால் விரலுக்குத் தெரிய வேண்டும், உறை போட்டால் விரலுக்குக் கண் தெரியாது. பச்சை ஓட்டின் பால் வறுத்ததைவிடக் கொடியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதினெட்டாவது கொட்டையிலோ இருபதாவதிலோ விரல் சுரீரென்றது. அப்போதும் நான் என்ன நினைத்தேன், உப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மிச்சம் எட்டையும் உடைத்தேன். அபிஷா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். விரலை நக்கிக்கொண்டே, “உன் கைக்கு ஸ்காட்லாந்துக்காரன் கொடுத்துவச்சிருக்கணும்” என்றாள். திங்கட்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது கொப்புளம். செவ்வாய்க்கிழமை உரிந்தது. இன்றைக்கு வியாழன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லமாட்டேன். என்ன ஆனாலும் மிஷின் கோளாறு என்று சொல்வேன். நூற்று ஐம்பத்திரண்டு, அதற்குள் நாலு பேர் போய்விட்டார்களா, நான் பார்க்கவே இல்லையே.

கோப்பைத் திறந்து எல்லாக் காகிதமும் இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஆறாவது தடவை. இருக்கிறது. ஏஜெண்ட் ஜெபசிங் வரிசையாக அடுக்கிக் கொடுத்தது. பண்ணையின் கடிதம், பாஸ்போர்ட், ஆபீஸ் லீவுச்சீட்டு, நாலு சென்ட் நிலத்தின் பட்டா, தீர்வை ரசீது, கடைசியில் வீட்டின் படம். அந்தப் படத்துக்காக ஜெபசிங்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன். “எக்கா, இது வீடா? மேல ஆகாசம் தெரியுது. இதைப் பாத்தா அங்க உள்ளவன் என்ன நினைப்பான், இவளுக்கு இங்க ஒண்ணுமில்ல, போனா திரும்பி வரமாட்டாள்னு நினைப்பான். உனக்க அண்ணன் வீட்டைப் படம் எடுத்துத் தா, மாடி வீடு, கொள்ளாம், நல்லா இருக்கும்.” என் வீடு இதுதான் என்றேன். “பொய் சொல்லச் சொல்லல்ல, நல்ல படமா வைக்கச் சொல்லுதேன்.” அண்ணன் வீட்டில் நான் இருக்கிறேன், அது என் வீடு இல்லை என்றேன். கொத்தனார் கட்டிய வீடு என் வீடு. என் வீட்டுக்காரர் பென்சிகர் கொத்தனார். ஊரில் பாதி வீடு அவர் பூசியது. எங்கள் நாலு சென்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கல் வைத்து, ஆறு வருஷத்தில் ஜன்னலுக்கு மேல் லிண்டல் வரைக்கும் கொண்டுவந்தார், லிண்டல் வார்த்த பன்னிரண்டாவது நாள் மஞ்சள்காமாலை என்றார்கள், இருபதாவது நாள் போய்விட்டார். நாலு வருஷம் ஆகிவிட்டது. படுக்கையறையாக வரவேண்டிய இடத்தில் ஒரு பப்பாளி முளைத்து என் உயரத்துக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் அடுக்களையில் தவளை. போன மாதம் படம் எடுக்கப் போனபோது வாசல்நிலை இல்லாத வாசலில் நின்று யாரையாவது கேட்டுவிட்டு நுழைய வேண்டும்போல இருந்தது. கூரை ஒன்று வார்த்துவிட்டால் போதும். சுவர் பூசாமல் இருந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். அண்ணன் நல்லவர். மைனியும் நல்லவள்தான், ஆனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் முன் நான் அவளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, காய்ச்சல் வந்து படுத்தால் படுத்திருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் படுப்பதற்குக் காரணம். ஆறு மாதத்துக் கூலி கூரைக்குக் காணும். ஆபீஸில் இன்னொரு இருபத்திரண்டு வருஷம் தல்லினாலும் காணாது. அது மட்டும்தான் இந்தக் குளிரில் என்னை உட்கார வைத்திருக்கிறது.

அது மட்டும்தானா. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, உன்னை நம்பி இங்கே யார் இருக்கிறார்கள் என்று. வேலை முடிந்து திரும்பி வருவாய் என்பதற்கு என்ன சாட்சி என்று இன்னொன்று. ஜெபசிங் இரண்டுக்கும் பதில் எழுதி வாசித்துக் காட்டினான், வீடு கட்டி முடிக்கத் திரும்பி வருவேன், மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கத் திரும்பி வருவேன். நான் தலையாட்டினேன். தலையாட்டும்போது எனக்குள்ளே ஒருத்தி ஆட்டாமல் இருந்தாள். அவளை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நாகர்கோவிலில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் பனி விழும், நாங்கள் மின்விசிறி ஓடாத வகுப்பில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் படிப்போம். பார்க்காத பூக்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். பட்டம் வாங்கி, இரண்டு வருஷம் ஒரு டியூஷன் சென்டரில் சொல்லிக்கொடுத்து, அது மூடி, கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, ஆபீஸுக்கு வந்தேன். முதல்நாள் மேஸ்திரி கேட்டார், “பி.ஏ.வா? பி.ஏ.காரிக்கும் இதே கல்லுதான்.” சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது அந்த ஆங்கிலம் ஒரு தடவை உதவியது. பண்ணைக்காரர் போனில் முகம் பார்த்துப் பேசினார், காது சிவந்த பெரிய மனிதர், ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி, நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்ய முடியுமா. லீலா யெஸ் சார் என்று மட்டும் சொன்னாள். நான், இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்துதான் இருக்கிறேன், நிமிர்வதுதான் எனக்குக் கஷ்டம் என்று அவர் மொழியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். சாய்ந்து எழுதுகிற அவருடைய கை பெரியது, சிவந்தது, எல்லா ரேகையும் இருக்கிற கை. பெண்கள் தங்குவதற்குச் சக்கரம் வைத்த சிறிய வீடு தருவார்களாம், ஒரு வீட்டில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு கட்டில். ஆளுக்கு ஒரு கட்டில் என்ற சொல்லில்தான் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். கூரையைவிட, காசைவிட. வேலை முடிந்து வந்து அந்தக் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் வேறு பாஷையில் கேட்பார்கள். இதைப் போய் எந்தக் கட்டத்தில் எழுதுவது. களைப்பாக இருக்கிறது ஐயா, அங்கே வந்து கொஞ்சம் தூங்கிவிட்டுப் போகிறேன் என்று. திரும்பி வருவேன். வருவேன்தான். நாலு சுவரையும் ஒரு பப்பாளியையும் விட்டுவிட்டு நான் எங்கே போய்விடுவேன்.

“எக்கா, எனக்க நம்பர்” என்று லீலா எழுந்துவிட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போகிறாள். அவள் தோலி உரிக்கிற பகுதி. நாங்கள் உடைத்துக் கொடுக்கிற பருப்பின் மேல் சிவப்புத் தோல் இருக்கும், அதை உரிப்பது அவர்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காருவார்கள், கையில் கறை படாது, தல்லுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் மூக்கைச் சுளிப்பார்கள், நாங்கள் அவர்களைச் சீமாட்டிகள் என்போம். லீலா அப்படி இல்லை. ரயிலில் என் கையைப் பார்த்துவிட்டு அவள் முகம் ஒரு நொடி மாறியது, பிறகு வேண்டுமென்றே வேறு பேசினாள். கேட்டிருந்தால் பச்சைக்கொட்டையைச் சொல்லியிருப்பேன். அவள் கேட்காதது நல்லது. கேட்காதது வருத்தமாகவும் இருந்தது. அவளுக்குப் பதிந்து எனக்குப் பதியாவிட்டால் அவள் தனியாகப் போவாளா. போக வேண்டும். நான் போ என்று சொல்ல வேண்டும், முகத்தை நன்றாக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கதவு திறக்கிறது. அதற்குள்ளா. ஐந்து நிமிஷம் ஆகவில்லை. முப்பத்திரண்டு பல்லும் தெரிய வருகிறாள், பத்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டு, “பத்தும் பதிஞ்சுது எக்கா, பச்சை லைட்டு! ஒரே தடவை!” என்று கத்தி, எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டுக் கையை மெல்ல இறக்கிக்கொள்கிறாள். “சீமாட்டி கைதானே பிள்ளே, பதியாம என்ன செய்யும்” என்கிறேன். “போ எக்கா. உள்ள இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளையாக்கும். பயப்படாம போ.” நூற்று அறுபத்தெட்டு. கோப்பு எங்கே. மடியிலேயே இருக்கிறது.

உள்ளே மிகச் சின்ன அறை. மேஜை, காமிரா, பச்சைக் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. நல்ல பிள்ளைதான், அபிஷா வயது, சட்டையில் யாமினி என்று எழுதியிருக்கிறது, மூக்கில் சளி, கையில் கைக்குட்டை. “உக்காருங்கம்மா. இடது கை நாலு விரலையும் சேத்து கண்ணாடி மேல வைங்க. அழுத்த வேணாம், சும்மா வைங்க.” வைக்கிறேன். கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு வெளிச்சம் ஓடுகிறது. பச்சை. என் மூச்சு எங்கேயோ போய்த் திரும்புகிறது. “இப்ப வலது கை.” வைக்கிறேன். சிவப்பு. “லேசா அழுத்துங்க.” சிவப்பு. அவள் ஒரு ஈரத்தாள் கொடுக்கிறாள், துடைக்கிறேன், எரிகிறது, சிவப்பு. உலர்ந்த தாள் கொடுக்கிறாள், சிவப்பு. திரையை அவள் என் பக்கம் லேசாகத் திருப்புகிறாள், பார்க்கட்டும் என்றா, தெரியாமலா, நாலு விரலும் நாலு வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன, நடுவே ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோடு, வெள்ளம் போன பிறகு வரப்பு நிற்பதுபோல. தலையில் தேய்க்கட்டுமா என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை. கட்டைவிரல் இரண்டும் சேர்த்து வைக்கச் சொல்கிறாள், இடது பதிகிறது, வலது இல்லை. ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. அவள் என் கையைத் தன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள். யாரும் இப்படி என் கையைப் பிடித்துப் பார்த்து வெகு நாளாயிற்று. “என்னம்மா ஆச்சு?” முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை என்கிறேன். “இந்த வேலை செஞ்சா இப்படி ஆகுமா?” ஆகும். “இருங்க, சார்கிட்ட கேட்டுட்டு வர்றேன்.” அவள் போகிறாள். நானும் காமிராவும் இருக்கிறோம். இனி அவ்வளவுதான், லீலாவிடம் போ என்று சொல்லிவிடலாம், அபிஷாவிடம் மிஷின் என்று சொல்லிவிடலாம், மைனியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளே சொல்லிக்கொள்வாள். ஆபீஸில் திங்கட்கிழமை முதல் உட்காரலாம். என் கல் எனக்காக இருக்கும். இதை நினைத்ததும் ஒரு ஓரத்தில் நிம்மதிபோல ஏதோ வருகிறது. அதை நான் அருவருப்போடு பார்க்கிறேன்.

யாமினி ஒரு தாளோடு திரும்பி வருகிறாள். உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். “அம்மா, ரெண்டு வழி இருக்கு. காயம் பட்டிருக்கு, ஆறிடும், தற்காலிகம்னா, ஆறினதுக்கு அப்புறம் புதுசா தேதி எடுத்துட்டு வரணும். இல்ல, தொழில்னால ரேகை போயிடுச்சு, நிரந்தரமாவே கிடையாதுன்னா, அதை எழுதி நீங்க கையெழுத்துப் போட்டா, கிடைச்ச விரலை வச்சு இன்னிக்கே அனுப்பிடலாம். முடிவு அவங்க கையில. எதுன்னு நீங்கதான் சொல்லணும்.” புதுத் தேதி எப்போது கிடைக்கும் என்று கேட்கிறேன். கணினியில் பார்க்கிறாள். ஏப்ரல் இருபத்தொன்று. அதற்குப் பிறகு மூன்று வாரம். அதற்குள் பண்ணையில் முதல் பழம் பறித்துப் பெட்டியில் போயிருக்கும், என் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருப்பாள். “ஒரு விஷயம்” என்கிறாள் அவள், “நிரந்தரம்னு எழுதினா அது உங்க பேர்ல அப்படியே பதிவாயிடும். பின்னால எப்பவாவது, ஏர்போர்ட்டுலயோ அடுத்த வருஷமோ, விரல் வச்சு நல்லா ரேகை விழுந்துச்சுன்னா கேள்வி கேப்பாங்க. பொய் சொன்னதா ஆயிடும். பத்து வருஷம் வரக்கூடாதுன்னுகூட சொல்லலாம். அதனால யோசிச்சுச் சொல்லுங்க.” பிறகு என் கட்டைவிரலை மறுபடி பார்க்கிறாள். “இது புதுசா உரிஞ்ச மாதிரி இருக்கேம்மா?”

இருக்கிறது. மூன்று வாரம் கொட்டையைத் தொடாவிட்டால் வந்துவிடும், வந்ததை என் கண்ணால் பார்த்தேன், வளைந்து வளைந்து. அங்கே கொட்டை இல்லை. அங்கே பழம்தான், மெத்தென்ற பழம், கையுறை போட்டுக்கொண்டு பறிப்பார்களாம். ஆறு மாதம் அங்கே இருந்தால் என் விரல்கள் என்றைக்குமில்லாத அளவுக்கு நன்றாக வளரும், பத்தும் வளரும், நான் பெற்ற பிள்ளையைப் போலக் கொழுகொழுவென்று வளர்ந்து, எந்தக் கண்ணாடியில் வைத்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கும். நான் சொன்னது பொய் என்று உலகத்தில் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். என் கைதான் சொல்லும். வீட்டின் படத்தில் ஒரு பொய் வேண்டாம் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டவள் நான், இப்போது என் பேரில், என் கைமேல். ஆனால் எது பொய். இருபத்திரண்டு வருஷத்தில் ரேகை இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம் இருக்குமா. லீவு எடுத்தால் வரும், வேலைக்குப் போனால் போய்விடும், வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் இருக்க முடியும். தற்காலிகம் என்று எதைச் சொல்வது. ரேகை இல்லாததையா, இருந்ததையா. இந்தப் பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கிறது, வெளியே நூற்று அறுபத்தொன்பது காத்திருக்கிறார், கூரை இல்லாத வீட்டின் படம் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. “எப்பவும் இப்பிடித்தான் மக்களே” என்று, அபிஷாவைக் கூப்பிடுகிற அதே சொல்லால் அவளை அழைத்து, ஒரு குரல் சொல்கிறது, என்னுடையதுதான். “உரியும், திரும்ப உரியும். ரேகை வராது.” யாமினி என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்கலாம். “நிரந்தரம்னு போடட்டுமா?” போடு மக்களே. அவள் அந்தச் சொல்லைத் தட்டுகிறாள், தட்ட ஒரு நொடிதான் ஆகிறது. தாள் வருகிறது. வலது கையால் கையெழுத்துப் போடுகிறேன், கல்லூரியில் எழுதின அதே சாய்வெழுத்து, ரோஸ்லெட், பி.ஏ. என்று எழுதப் போய் நிறுத்திக்கொள்கிறேன். “காமிராவைப் பாருங்கம்மா. சிரிக்கக் கூடாது.” சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் லீலா பாய்ந்து வந்து என் தோளைப் பிடிக்கிறாள். “பதிஞ்சுதா?” இன்றைக்கே அனுப்புகிறார்கள் என்கிறேன். “மாதாவே! நான் சொன்னேன்லா! எவ்வளவு நேரம் எக்கா, எனக்கு உயிரே போச்சு. அபிஷா ரெண்டு தடவை போன் போட்டுட்டா, நீயே சொல்லு” என்று, நான் அவளிடம் விட்டுப்போன என் போனைக் கையில் திணிக்கிறாள். பிறகு பேசுகிறேன் என்று சொல்லிப் பையில் போடுகிறேன். லிஃப்டுக்குக் கூட்டமாக இருக்கிறது, படியில் இறங்குகிறோம். லீலா முன்னால் இறங்கிக்கொண்டே பேசுகிறாள், கம்பளிச்சட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும், ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா, ஒரே வீட்டில் நமக்கு இடம் தருவார்களா. இரண்டாம் மாடி திரும்பும்போது வலது கை அரிக்கத் தொடங்குகிறது. முதலில் கட்டைவிரல், பிறகு நடுவிரல், உள்ளேயிருந்து ஒரு மெல்லிய நமைச்சல். எனக்குத் தெரியும் இது, தோல் வளர ஆரம்பித்தால் இப்படித்தான் இருக்கும், இதற்காகத்தான் இருபத்துநான்கு நாள் காத்திருந்தேன். “என்ன எக்கா, கையை அப்பிடிப் பொத்திப் பிடிச்சிருக்க? வலிக்குதா?” இல்லை பிள்ளே, நீ இறங்கு என்கிறேன். விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, நகம் பதிய அழுத்திக்கொண்டு, வராதே, இப்போது வராதே, கொஞ்ச நாள் பொறு என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு படியாக இறங்குகிறேன். அது வளர்ந்துகொண்டிருக்கிறது.